மெஷின் களவும் புரொக்குரருக்குப் போன கடிதமும்

மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டது, படுவான்கரையில் வெள்ளாமை வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சீட்டுக் காசோடு ஓடியவனை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் உன் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது வேறு இடம். பொலிசுக்குப் போகாமல், நடந்ததை நீயே தாளில் எழுதி, ரசீதுகளின் நகலும் வைத்து, நீதிமன்றத்து புரொக்குரருக்கு, அதுதான் அங்கே அரசின் சார்பில் குற்ற வழக்குத் தொடுக்கிற அதிகாரிக்கு, பதிவுத் தபாலில் அனுப்பினாய் என்றது. சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. மூன்று மாதம் பதில் வராவிட்டால் விசாரணை நீதிபதியிடம் போகலாமாம். பிரான்சில் இருக்கிற உனக்கு இது சாதாரணம். "நம்மட ஊரிலும் இப்படி ஒரு கந்தோர் இருக்கா?" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

இல்லை மச்சான். பெரிய குற்றம் என்றால் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறவர் சட்டமா அதிபர். அவருடைய திணைக்களம் கொழும்பில், புதுக்கடையில். அரச சட்டத்தரணிகள் இங்குள்ள மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறார்கள்தான், ஆனால் களவு போனவன் நேரே போய் முறையிடுகிற ஆட்கள் அவர்கள் இல்லை. சின்னக் களவு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே முறைப்பாட்டை எழுதுவதும் பொலிஸ், விசாரிப்பதும் பொலிஸ், அநேகமாகக் கோட்டில் எழும்பி வழக்கைச் சொல்வதும் பொலிஸ். ஆகவே முதல் நாள் பொலிசின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறதோ, அதுதான் உன் வழக்கு.

இது எனக்குப் போன ஆவணியில் விளங்கியது. கத்தரித் தோட்டத்தில் இருந்த தண்ணி இறைக்கிற மெஷினைச் சங்கிலியை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். (நாம் மண்முனைத்துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் கரை மாறியிருக்க முடியாது. 2014 இல் பாலம் வந்ததில் நமக்கும் லேசு, கள்ளனுக்கும் லேசு.)

பொலிசில் மரியாதையாகத்தான் இருத்திக் கேட்டார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதினார். மறுகா, "இதில் ஒப்பம் வையுங்க ஐயா" என்று புத்தகத்தைத் திருப்பினார். பேனையை எடுத்துவிட்டேன். என்னவோ தோன்றி, வாசித்துக் காட்டச் சொன்னேன். பக்கத்து மேசைத் தம்பி வாசித்துத் தமிழில் சொன்னார்: மெஷின் 'காணாமல் போய்விட்டது'. சங்கிலி வெட்டிய கதையே இல்லை. களவு எங்கே, காணாமல் போவது எங்கே! நான் என்ன குடையையா பஸ்சில் விட்டேன்?

அன்று ஒப்பம் வைக்காமல் வந்துவிட்டேன். சட்டம் படிக்கிற மருமகன்தான் சொன்னான்: 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 109 ஆம் பிரிவு இருக்கிறது, வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் நம்மையே எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்று. அடுத்த நாள் நானே தமிழில் ஒரு பக்கம் எழுதி, மெஷின் இலக்கம், கடை ரசீது, வெட்டிய சங்கிலி எல்லாம் கொண்டுபோனேன். முகம் கொஞ்சம் கறுத்தது. ஆனாலும் வாங்கி, பதிவு இலக்கமும் தந்தார்கள்.

உன்னுடைய மூன்று மாத வழி மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 136 ஆம் பிரிவில் நாமே நீதவானிடம் பிராது வைக்கலாம். எழுத்தில் என்றால் சட்டத்தரணி தயாரித்து ஒப்பமிட வேண்டும். எனக்கு அதில் இறங்க மனமில்லை. கணக்குப் பார்த்தால் பழைய மெஷின் ஒன்றே வாங்கிவிடலாம்.

மெஷின் இன்னும் கிடைக்கவில்லை. சகலனுடையதை இரவல் வாங்கி இறைக்கிறேன், அவனும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டான். நீ புரொக்குரருக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று அனுப்பு. பிரெஞ்சு விளங்காது, ஆனாலும் எப்படித் தொடங்கி எப்படி முடித்தாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. சீட்டில் இருந்த மற்றப் பேரும் எழுதினார்களா, இல்லை நீ மட்டும்தானா?

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்