குழாய் அறுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டு காஸ்மிக் கதிர்களை, அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் அதிவேகத் துகள்களை, எண்ணிக்கொண்டிருக்கும் ஏ.எம்.எஸ். கருவியின் அளவீடுகளை நம்பித்தான் என் ஆய்வேடு நிற்கிறது. இந்தக் கருவி என்றதும் இயற்பியலாளர் சாமுவேல் டிங் பெயரைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். கொலம்பியா விண்வெளி ஓட விபத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட இந்தக் கருவியின் பயணத்தை விடாப்பிடியாக நின்று மீட்டு, 2011 மே மாதம் எண்டெவர் ஓடத்தில் ஏற்றிவிட்டவர் அவர். ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது, அதைப் பழுதுபார்க்கக் குழாய் அறுத்தவர்களுக்கு.

கருவியின் நடுவே ஒரு காந்தம். மின்னூட்டம் கொண்ட துகள் உள்ளே நுழைந்தால் பாதை வளையும். எலக்ட்ரான் ஒரு பக்கம், அதன் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரான் மறுபக்கம். அந்த வளைவைப் பதிவுசெய்யும் சிலிக்கான் தகடுகளைக் குளிர்விக்க, குழாய்களில் கார்பன் டை ஆக்சைடு ஓட வேண்டும். அதை ஓட்டிய நான்கு பம்புகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கின. விண்ணில் பழுதுபார்க்கலாம் என்ற எண்ணத்தில் செய்த கருவியும் அல்ல.

விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோ அவர்களே, 2013இல் விண்நடையின்போது தலைக்கவசத்துக்குள் மூக்கு வரை தண்ணீர் ஏறியவர் நீங்கள். அதே நீங்கள் 2019 நவம்பரில் ஆண்ட்ரூ மார்கனுடன் மறுபடி வெளியே போனீர்கள். தடித்த கையுறையோடு எட்டு மெல்லிய குழாய்களை அறுத்து, புதிய பம்புப் பெட்டியோடு இணைத்தீர்கள். 2020 ஜனவரி 25, நான்காவது நடையில் ஓர் இணைப்பில் கசிவு. இறுக்கினீர்கள், காத்திருந்தீர்கள், மீண்டும் இறுக்கினீர்கள், நின்றது. எந்த ஊர் பிளம்பருக்கும் தெரிந்த வேலைதான். அவர் 400 கிலோமீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு செய்வதில்லை, அவ்வளவே.

உள்ளிருந்தபடி இயந்திரக் கையை நகர்த்திய ஜெசிகா மெயர், கிறிஸ்டினா கோக். இந்த ஒரு வேலைக்கென்றே புதுக் கருவிகள் வடித்த பொறியாளர்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள். என்னைப் போன்ற வெளியாட்களும் எடுத்துக்கொள்ளும்படி அளவீடுகளை அட்டவணையாக வெளியிட்டவர்கள் என எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும் பாசிட்ரான்கள் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் தந்தவையா, வேகமாகச் சுழலும் நட்சத்திர மிச்சங்களான பல்சார்கள் தந்தவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் பல்சார் கட்சி. சுமார் 284 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேல் பாசிட்ரான்களின் வரத்து சரிவதை இரு தரப்பும் தத்தம் சாட்சியாகக் காட்டுகிறோம். அந்த ஆற்றலில் துகள்கள் அரிதாகவே வந்து விழும். ஆண்டுக்கணக்கில் சேர்த்தால்தான் உண்டு. புதிய பம்புகள் வந்திராவிட்டால் இந்த வழக்கு பாதியிலேயே மூடப்பட்டிருக்கும்.

கருவியின் தலையில் இன்னொரு சிலிக்கான் அடுக்கு சேர்க்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. அதை வெளியே போய் மாட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி