பழைய முகவரிகளை அறுத்துவிடாதீர்கள்: எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கணினி மையத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

பல்கலைக்கழகத்தின் எல்லா இணையதளங்களையும் ஒரே புதிய வடிவமைப்புக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெகு நாளாகச் செய்ய வேண்டியிருந்த வேலை இது. கூடவே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் உங்கள் பழைய மாணவன். படித்து முடித்து, சென்னையில் இணையதளங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பி, திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையும் அதை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டரும் வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட், தேர்வுக் கட்டணம், அரியர், மறுமதிப்பீடு, புரொவிஷனல், பட்டமளிப்பு விழா விண்ணப்பம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் உங்கள் தளங்களுக்குள்தான் நான் குடியிருக்கிறேன். முகப்புத் தளம் ஒன்று, தேர்வுப் பிரிவுக்கு ஒன்று, தொலைநிலைக் கல்விக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, துறைகளில் பாதிக்குத் தனித்தனியாக, அப்புறம் ஏதோ ஒரு கருத்தரங்குக்காகத் தொடங்கி அப்படியே நின்றுபோனவை. எது எங்கே இருக்கிறது என்று எனக்கே மறந்துபோவதால் கடையில் ஒரு நோட்டுப் போட்டு முகவரிகளை எழுதி வைத்திருக்கிறேன்.

மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ கல்வி நிறுவனங்கள் தளம் நடத்த நம்பியிருந்த ட்ரூபல் 7 மென்பொருளுக்குப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கவனிப்பாரில்லாத பழைய தளங்களுக்குள் யாரோ புகுந்து சூதாட்ட விளம்பரப் பக்கங்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். ஏசி.இன் என்று முடியும் முகவரியை மத்திய அரசின் எர்நெட் இந்தியா அமைப்பு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான் கொடுக்கிறது. அந்த நம்பிக்கையில் உள்ளே வருகிற பிள்ளைக்கு அப்படி ஒரு பக்கம் கண்ணில் படக் கூடாது. ஆகவே மாற்றுங்கள், சீக்கிரமே மாற்றுங்கள். ஆனால் சென்ற முறை மாற்றிய மாதிரி மாற்றிவிடாதீர்கள்.

சென்ற முறை நடந்ததைச் சொல்கிறேன். புதிய முகப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். 2004-இல் பி.எஸ்சி. முடித்தவர். வெளிநாட்டில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், அவர் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைக் கேட்டிருந்தார்கள். அந்தக் கோப்பு துறையின் பக்கத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வருடம்தான் வேறொருவருக்கு அதே கோப்பை அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். நோட்டைப் பார்த்து முகவரியைத் தட்டினேன். பல்கலைக்கழகத்தின் புதிய முகப்புப் பக்கம் வந்து நின்றது. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே முகப்பு. நான் ஏதோ தப்பாகத் தட்டுகிறேன் என்று அந்த அக்கா நினைத்தார். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடினேன். துறைப் பக்கம் அங்கே இருந்தது. அதிலிருந்து தொடுத்திருந்த பிடிஎஃப் சேமிக்கப்படவில்லை. அவர் இரண்டு தடவை பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தார். கடைசியில் ஓர் அலுவலக உதவியாளர் தன் பீரோவில் வைத்திருந்த அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தாராம். அந்த மனிதருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம்தான் பாக்கி. அவர் போன பிறகு வருகிறவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரே வரியில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். செய்தவருக்கு வேலை மிச்சம், பார்க்கிறவருக்கும் 404 என்ற பிழை தெரியாது. ஆனால் இது 404-ஐவிட மோசம். பக்கம் இல்லை என்று சொன்னால் வந்தவர் வேறு வழி பார்ப்பார். முகப்பில் கொண்டுபோய் விட்டால், தேடியது இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று நம்பி அரைமணி நேரம் அலைவார். கூகுளும் இப்படிப்பட்ட திருப்பலை, பக்கமே இல்லாததற்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியது வேறு. பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் அதன் நேரான புதிய முகவரியை எழுதிப் பட்டியல் போட்டு, 301 எனப்படும் நிரந்தர ரீடைரெக்ட் வைக்க வேண்டும். பழைய முகவரியைத் தட்டினால் அது தானாகவே புதிய முகவரிக்குக் கொண்டுபோய்விடும். எந்தெந்தப் பக்கங்களை மக்கள் உண்மையில் தேடி வருகிறார்கள் என்பதைத் துறைத் தலைவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, எந்தப் பக்கம் எப்போது திறக்கப்பட்டது என்று தானாகப் பதிந்துகொள்ளும் சர்வர் லாகைத்தான் கேட்க வேண்டும். கடந்த ஒரு வருடத்து லாகை எடுத்துப் பாருங்கள். யாரும் நினைத்தே பார்க்காத 2008-ஆம் வருடத்து ஒழுங்குமுறைக் கோப்புகூட வாராவாரம் திறக்கப்படுவது தெரியலாம். இந்த ரீடைரெக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது கடைக்காரர்களுக்குச் சொன்ன கணக்கு. பட்டச் சான்றிதழுக்கு ஒரு வருடத்தில் காலாவதி கிடையாது. ஆகையால் பல்கலைக்கழகம் அவற்றை எடுக்கவே கூடாது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால், கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிட்டு, கிளை ஆறுகளில் நடந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் தலைமடையில் நாற்று பச்சைப் பிடித்திருக்கும். ஆற்றை மட்டும் தூர்வாரிவிட்டு வாய்க்காலை விட்டுவிட்ட வருடங்களில் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் முகப்புப் பக்கம் ஆறு. அதை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். பாடத்திட்டக் கோப்பு, பழைய சுற்றறிக்கை, தமிழ்த்துறையின் கட்டுரைத் தொகுப்பு, இவையெல்லாம் வாய்க்கால். நான் அந்த வாய்க்காலுக்காகப் பேசுகிறேன்.

தமிழ்த்துறை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமான விஷயம் இதுதான். உங்கள் தளங்களில் 2010-க்கு முன்பு ஏற்றிய தமிழ்ப் பக்கங்களில் நிறைய, இன்று எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில் இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் சில, தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய டேம், டேப் குறியீடுகளில் சில. அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல்தான், அதுவரை ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தோம். இப்படிப்பட்ட பக்கத்தை அப்படியே எடுத்துப் புதிய தளத்தில் ஒட்டினால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து தாறுமாறாகத் தெரியும். தளத்தை மாற்றும் வேலை செய்யும் பையன் அதைக் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடுவான். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பு, கல்வெட்டுப் பட்டியல், டெல்டாவின் ஊர்ப்பெயர் ஆய்வு என்று அந்தப் பக்கங்களில் இருப்பவை வேறெங்கும் அச்சில்கூட இல்லாமல் இருக்கலாம்.

எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரியான கருவியில் போட்டால் சில நொடிகளில் யூனிகோடு வந்துவிடும். ஆனாலும் அதை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். துணைக்காலும் ரகரமும் இடம் மாறும், ஔகாரம் ஒகரமும் ளகரமுமாக உடையும், ஒரே பக்கத்தில் கலந்து வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழாகத் திரியும். ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கத்தான் வேண்டும். முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு இதை ஒரு பருவத்தின் செயல்முறைப் பயிற்சியாகக் கொடுங்களேன். மெய்ப்புத் திருத்தமும் கற்பார்கள், துறையின் சொத்தும் பிழைக்கும்.

இன்னொன்று. பார்வையற்ற மாணவர் ஒருவர் என் கடைக்கு வருவார். முதுகலை வரலாறு படிக்கிறார். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். உங்கள் சுற்றறிக்கைகளுக்கு மட்டும் என் உதவி வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த வடிவத்திலும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். புதிய வடிவமைப்பில் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றிலும் மொழி தமிழ் என்ற குறிப்பு நிரலில் இருக்கட்டும். அது இருந்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். இதெல்லாம் சலுகை அல்ல. மின்னணு வடிவத் தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தளத்தை ஏற்றுக்கொள்ளும் முன் அந்த மாணவரைப் போல நாலு பேரை உட்கார வைத்துச் சோதித்துப் பாருங்கள். அவர்களுக்குரிய கூலியையும் கொடுங்கள்.

கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கைகளில் ஆதாரம் என்று நீங்களே நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தந்திருப்பீர்கள். அவை அறுந்தால் என்ன ஆகும் என்பதை உள்தர உறுதிப் பிரிவினர் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மாற்றும் நாள் பற்றி ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வரும் வாரத்திலும் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையிலும் கை வைக்காதீர்கள். முடிவு வரும் அன்று என் கடையில் நாற்பது பேர் நிற்பார்கள். பாதிப் பேர் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர்கள். ஆகஸ்ட் கடைசியில் செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தப்புகளைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். புதியது வந்த பிறகும் பழைய தளத்தை ஆறு மாதமாவது உள்ளே அணைக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். இப்போது சில துறைத் தளங்களின் கடவுச்சொல், எப்போதோ அதைச் செய்து கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போன மாணவரிடம் இருக்கிறது. மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020-இல். உங்கள் உறுப்புக் கல்லூரிப் பட்டியலில் அங்கிருக்கும் கல்லூரிகள் இன்றைக்கும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே கிடக்கின்றன. யார் திருத்துவது என்று யாருக்கும் தெரியாததுதான் காரணம். வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, துறைக்கு ஒருவர் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் இது தீரும்.

என் கடை நோட்டில் இருக்கும் முகவரிகளை எல்லாம் தட்டச்சு செய்துவிட்டேன். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. எது எதற்கு, யார் வந்து கேட்கிறார்கள், எந்த மாதத்தில் கூட்டம் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை கணினி மையத்துக்கு நேரில் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் சோதனைத் தளம் தயாரானதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கடையை மூடிய பிறகு ராத்திரியில் உட்கார்ந்து நூற்று அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எது வந்தது எது வரவில்லை என்று எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
திருத்துறைப்பூண்டி