கடைசி விலை என்ன?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் நீ மெனக்கெட்டு நாலு பக்கம் பேனாவால் எழுதியிருக்கும்போது நான் கட்டைவிரல் படம் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? இடது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருப்பது இப்போதுதான் தெரிகிறது. வலது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பேத்தி வயலின் கற்றுக்கொள்கிறாள் என்று படித்ததும் சந்தோஷம். அரை சைஸ் சின்னதாகிவிட்டது, டீச்சர் முக்கால் சைஸ் வாங்கச் சொல்லிவிட்டார், வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில், வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவேரியஸின் லேபிள் ஒட்டிய பழைய ஜெர்மன் வயலினைப் பார்த்தேன், கை துறுதுறுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு இதைப் படி. ஏற்கெனவே துறுதுறுத்த கை ஒன்று எழுதுகிறது.

ரிட்டயர் ஆன வருஷம், பணம் வந்த கையோடு, நானும் அப்படி ஒன்றில் இறங்கினேன். பதினோரு போட்டோ போட்டிருந்தார்கள். முதுகுப் பலகையில் மேப்பிள் மரத்தின் வரிகள் புலித்தோல் மாதிரி மின்னின. விவரத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 'தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது.' இந்த வாக்கியம் எத்தனை கேள்விகளிலிருந்து ஒருவனைக் காப்பாற்றும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாதம் எப்படி, தந்தியை முறுக்குகிற பிரடை நழுவுகிறதா, எங்காவது விரிசல் உண்டா என்று எதைக் கேட்டாலும் 'எனக்கு வாசிக்கத் தெரியாதே' என்று சொல்லிவிடலாம்.

150 யூரோவுக்கு மேல் ஒரு பைசா போக மாட்டேன் என்று காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்தேன். ஏலம் முடிவது நம் நேரம் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு. நம் உச்ச விலையைச் சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரே நமக்காகப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஜெயித்தால், அடுத்தவன் விட்ட இடத்துக்கு ஒரு படி மேலே கொடுத்தால் போதும். ஆக ஒரே தடவை சொல்லிவிட்டுத் தூங்கப் போவதுதான் புத்திசாலித்தனம். முப்பத்தைந்து வருஷம் பாங்கில் இருந்தவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிஷத்தில் முகம் தெரியாத எவனோ ஒருவன் 155 என்றான். எனக்கு வந்ததே கோபம்! என் வயலினை அவன் எப்படிக் கேட்கலாம்? 235-இல் எனக்கு விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். "என்னத்த ஜெயிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் அதற்கு அப்புறம்.

பெட்டி வந்தது. தூக்கி ஆட்டினால் உள்ளே கலகல என்றது. சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தது. மேல் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே நிற்கிற சின்ன மரக்குச்சி அது. அதை யாரும் ஒட்டுவதில்லை. தந்திகளின் இறுக்கம் பலகையை அழுத்த, அந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆன்மா' என்றே சொல்கிறார்கள். அனுப்பியவர் பத்திரமாக இருக்கட்டுமென்று நாலு தந்தியையும் முழுக்கத் தளர்த்தியிருந்தார். ஆன்மா பாதி வழியிலேயே பிரிந்துவிட்டது.

அது மட்டும்தான் என்றால் பரவாயில்லை. மயிலாப்பூரில் வயலின் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். டார்ச் அடித்து, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். சவுண்ட் போஸ்ட் நிற்க வேண்டிய இடத்திலேயே முதுகுப் பலகையில் விரிசல். வயலினுக்கு வரக்கூடிய மோசமான காயங்களில் அது ஒன்று. அத்தனை அழுத்தமும் வந்து உட்காருகிற இடம் அதுதானே. வெளியிலிருந்து பார்த்தால் முடி இழை மாதிரிதான் தெரிந்தது. பதினோரு போட்டோவில் எதிலும் விழவில்லை. மேல் பலகையைக் கழற்றி, உள்ளே ஒட்டுப் போட்டு, மறுபடி மூட வேண்டும். வாங்கின விலையை விடச் செலவு அதிகம்.

லேபிளைக் காட்டினேன். பெரியவர் சிரித்துவிட்டார். ஸ்ட்ராடிவேரியஸ் இத்தாலியில் கிரமோனாக்காரர், 1737-லேயே இறந்துபோனார். அவர் பெயர் போட்ட லேபிளை ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஷென் பக்கத்து வீடுகளிலும் பட்டறைகளிலும் செய்த சாதாரண வயலின்களில் ஆயிரக்கணக்காக ஒட்டினார்கள். ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, இது அந்த மாடல் என்று சொல்வதற்காக. 1890-இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் கொண்டுவந்தது; வந்து இறங்குகிற சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் போட்டாக வேண்டும். அதனால் இத்தாலிய மகானின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஜெர்மனி' என்று இருந்தால், அது அந்தச் சட்டத்துக்கு அப்புறம் பிறந்த வயலின் என்று வைத்துக்கொள்ளலாம். நீ பார்த்ததிலும் இருக்கும், பெரிதாக்கிப் பார்.

உண்மையான ஸ்ட்ராடிவேரியஸே இணைய ஏலத்தில் போயிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1721-இல் செய்த 'லேடி பிளண்ட்' என்கிற வயலினை 2011 ஜூன் மாதம் அப்படித்தான் விற்றார்கள். ஒரு கோடியே 59 லட்சம் டாலர். ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்குப் போனது. ஆனால் அதை வாங்கியவருக்கு அந்த வயலின் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறும் சேர்ந்து கிடைத்தது. நமக்குப் பரணும் தாத்தாவும்தான்.

சரி, ஏலத்தை விட்டு, உள்ளூரில் பழைய பொருள் விற்கிறவர்கள் போடுகிற விளம்பரத்துக்கு வருகிறேன். அங்கே எல்லோரும் யோக்கியர் என்று நினைத்துவிடாதே. 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் போடுங்கள், பார்சலில் வரும்' என்று ஒருவன் எனக்கே எழுதினான். நாளைக்கு நீ எதையாவது விற்கப் போனால், பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி க்யூஆர் கோட் அனுப்பி உன் பின் நம்பரைப் போடச் சொல்வான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, ஞாபகம் வைத்துக்கொள். பொருளை விசாரிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு வயலினா கிடாரா என்றுகூடக் கவலையில்லை, எடுத்த எடுப்பில் "கடைசி விலை என்ன?"தான்.

ஆனால் நேரில் போகலாம். பஸ் ஏறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் எடுத்து வைத்துப் பார்க்கலாம். விரல் கணுவால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வா. ஒட்டு விட்டிருந்தால் அந்த இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒட்டு விடுவது சகஜம், அதற்குப் பயப்படாதே, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். மரத்தில் விரிசல் இருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடு. ஓரத்தில் ஓடுகிற கறுப்புக் கோடு மரத்தில் பதித்ததா, பெயிண்டால் இழுத்ததா என்று நகத்தை வைத்துப் பார். பிரடையைத் திருகிவிட்டுக் கையை எடு, நிற்கிறதா பார்.

இன்னொன்று நான் கவனித்தது. விஜயதசமிக்கு முன்னால் விலை ஏறிவிடும், எல்லா அப்பாக்களும் தேடுகிற நேரம். பொதுத்தேர்வு முடிந்து மே, ஜூனில் பார். பத்தாவது வந்ததும் பரணுக்குப் போன வயலின்கள் எல்லாம், பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் இறங்கிவரும்.

அப்படி ஒன்றுக்காகத்தான் போன ஜூனில் நங்கநல்லூர் போனேன். ஃபுல் சைஸ், 6,000 ரூபாய். அந்த அம்மா புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே உடைந்த ரோசின், ஒரு சேஃப்டி பின், பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். விரல் பலகையில் வெள்ளைப் பென்சிலால் ஸ்வர ஸ்தானங்களுக்குப் போட்ட கோடுகள் அழியாமல் இருந்தன. பெண் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாளாம். தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து, தரையில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் நுனியை வைத்து, மோகன வர்ணத்தில் பல்லவி மட்டும் வாசித்தேன். வில்லில் பாதி முடி இல்லை, என் விரலும் முன்மாதிரி இல்லை. ஆனால் வயலின் நல்ல வயலின். கீழ் பஞ்சமம் பேசினது பார், அறை முழுக்க.

காபி வந்தது. காபியைக் கொடுத்துவிட்டு அந்த அம்மா, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க... விக்கலை" என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். 500 ரூபாய் கூடப் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில், சாய்ந்த பிரிட்ஜை அடிக்கடி எப்படி நிமிர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏலத் தளத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு உபயோகம் உண்டு. வாங்குவதற்கில்லை, முடிந்துபோன ஏலங்களில் எது என்ன விலைக்குப் போயிற்று என்று பார்ப்பதற்கு. கேட்ட விலை வேறு, போன விலை வேறு. உள்ளூர் விளம்பரத்தில் கேட்ட விலை மட்டும்தான் தெரியும்.

உன் அத்தை வீட்டு வீணையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை எந்தக் கூரியரிலும் ஏற்றாதே. தண்டின் மேல் குறுக்கே வரிசையாக இருக்கிற மெட்டுகள் நிற்பதே மெழுகில். மே மாத வெயிலில் மூடின வண்டிக்குள் இருந்தால் இளகி 24 மெட்டும் இடம் மாறிவிடும். தஞ்சாவூர் பக்கமே வாசிக்கிறவர் யாராவது வந்து பார்த்து எடுத்துக்கொள்வதுதான் சரி. அதற்கு முன்னால் அந்த வெள்ளைப் பூ வேலைப்பாட்டை யாரிடமாவது காட்டு. பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. யானைத் தந்தம் என்றால் விற்கிற பேச்சே எடுக்கக் கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

அப்புறம், இந்தக் கடிதத்தை நேற்றே முடித்துத் தபாலில் போட்டிருப்பேன். சாயங்காலம் நங்கநல்லூர் அம்மா போன் பண்ணினார். பெண் லீவுக்கு வந்திருக்கிறாளாம், வயலினை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் அறுக்கிறாளாம். "அதைத் தர மாட்டேன் சார். ஆனா அவ சின்னதுல வாசிச்ச முக்கால் சைஸ் ஒண்ணும் பரண்ல இருக்கு. யாருக்காவது வேணுமா?" என்றார். விலை கேட்டேன். வந்து பாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமென்று இருக்கிறேன். குட்டிக் கண்ணாடி வாங்கிவிட்டேன், டார்ச் இருக்கிறது, ஒரு கண்ணும் புதுசு. எதுவரைக்கும் போகலாம் என்று தொகையை மட்டும் மெசேஜ் பண்ணு. அதற்கு மேல் கேட்டால் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன், இது பகலில் நடக்கிற விஷயம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய
கடைசி பெஞ்சு