விரைவுப் பாதையில் சேரப்போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பியிருந்த பாடத்திட்டத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பித்து, நான்காம் ஆண்டில் முதுநிலை வகுப்புகளில் அமர்ந்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் உலகளாவிய சுகாதாரத்தில் இளநிலைப் பட்டத்தோடு, பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமான எம்பிஎச்சையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும் விரைவுப் பாதையில் சேரலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். அக்கா வழக்கம்போல, "அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் அவன்தானே, அவனைக் கேள்" என்று என் பக்கம் திருப்பிவிட்டார். இதே கேள்வியோடு வேறு சில பிள்ளைகளும் எனக்கு எழுதியிருப்பதால், உன் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

சேர்ந்துவிடு என்பதுதான் என் பதில். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், அதாவது பாட மதிப்பலகுகள், வேண்டும். பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு எம்பிஎச்சுக்குக் குறைந்தது 42 கிரெடிட் கேட்கிறது. உன் கல்லூரி அவற்றில் 12 கிரெடிட்டை இரண்டு பட்டங்களுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வதால், ஐந்தாம் ஆண்டுக்கு 30 மட்டுமே மிஞ்சுகிறது. இரண்டாண்டுப் படிப்பு ஓராண்டில் முடிகிறது. ஓராண்டுக் கட்டணமும் வாடகையும் மிச்சமாகின்றன. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல. "என்ன அவசரம், நிதானமாகப் படிக்கலாமே" என்று உனக்கு அறிவுரை சொல்பவர்கள் யாரும் அந்தக் கடனுக்குத் தவணை கட்டப்போவதில்லை.

என் கவலை, அந்த ஓராண்டைச் சுருக்கும்போது எது நசுங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. வகுப்புகள் நசுங்குவதில்லை, தேர்வுகளும் நசுங்குவதில்லை. களப்பணிதான் நசுங்குகிறது. களத்தில் வேலை செய்து, அந்த நிறுவனத்துக்குப் பயன்படும் இரண்டு ஆக்கங்களையாவது தரவேண்டும் என்பது எம்பிஎச்சின் விதி. நேரமில்லாத மாணவர்கள் அதை ஒரு துண்டுப் பிரசுரத்தாலும் ஒரு பவர்பாயின்ட்டாலும் தீர்த்துவிடுகிறார்கள்; விதிப்படி அதில் தவறில்லை என்பதுதான் சங்கடம்.

நீ படிக்கப்போகும் துறையின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே காசநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம் அது. இருநூறுக்கும் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு, ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானபோது, இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கேள்வி: நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்தால், அதே பாயில் படுத்துறங்கும் பிள்ளைக்கு நோய் ஒட்டிக்கொள்ளாதா? இதற்கு விரைவாகப் பதில் சொல்ல எந்த வழியும் கிடையாது. இரு சாராரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகே, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று சொல்ல முடிந்தது. உன் இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்து ஆகும் காலம் அந்த ஒரு கேள்விக்கு ஆனது.

என் கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிக் கணக்கெடுக்கப் போனோம். "கடந்த இரண்டு வாரங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?" என்று படிவத்தில் அச்சிட்டிருந்ததை அப்படியே வாசித்தேன். முதல் நாள் நாற்பது வீடுகளில் மூன்றே வீடுகளில் 'ஆம்' என்றார்கள். அன்று மாலை படிவங்களைப் புரட்டிப் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர் சிரித்துவிட்டார். "பல்லு மொளைக்கிறப்ப போறதை யாருங்க சார் சீக்குன்னு சொல்லுவாங்க?" என்றார். மறுநாள் காலை அவரையே அழைத்துக்கொண்டு முதல் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். முந்தைய நாள் 'இல்லை' என்று சொன்ன அந்தப் பெண்மணி, வாசலில் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தார்; அன்று விடிந்ததிலிருந்து அது நான்காவது துணி. கூரை இடுக்கில், வயிற்றுப்போக்குக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று பாதி பிரித்தபடி செருகியிருந்தது. ஒரு லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது, ஆனால் அந்த வீட்டில் லிட்டர் அளவு தெரிந்த பாத்திரம் ஏதும் இல்லை. ஒரு தம்ளர் நீருக்கு ஒரு கரண்டித் தூள் என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். கரைசல் அளவுக்கு மீறி அடர்த்தியானால் குழந்தைக்கு ஆபத்து என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நாற்பது படிவங்களையும் கிழித்துப் போட்டேன். அன்றைக்கே மேலதிகாரியிடம் வாங்கிய வசவு தனிக்கதை.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு இந்தச் சிக்கலை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரல் உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) நீரில் கரைக்கும் முறையைத் தாய்மார்களின் கையாலேயே செய்யவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார். அந்தத் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதைப் பொறுத்தே பணியாளரின் ஊதியம் அமைந்தது. அதற்குப் பிறகும், கற்றுக்கொண்ட தாய்மார்களில் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. ஏனென்று விசாரித்தபோது, கற்பித்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் பேசவில்லை என்பதும் தெரியவந்தன. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறியிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆகவே என் நிபந்தனை ஒன்றுதான்: களப்பணியை ஐந்தாம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் திணிக்காதே. இந்தக் கோடையிலேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கோடையிலும் அதே இடத்துக்குப் போ. கென்யாவுக்கு இரண்டு வாரம் போய்வரும் பயணத்துக்கு உன் கல்லூரி கிரெடிட் தருகிறது என்று எழுதியிருந்தாய். போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊர் பார்த்ததாக இருக்கட்டும், களப்பணி என்று மட்டும் கணக்கில் சேர்க்காதே. உயிரிப்புள்ளியியலையும் அதற்கு முன்பே, மூன்றாம் ஆண்டிலேயே முடித்துவிடு. நூற்றுக்கு எத்தனை என்று கேட்கும்போது அந்த நூறு யார் என்று திருப்பிக் கேட்கத் தெரியாமல் களத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்ற அக்காவின் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. 2025 ஜனவரி 20 அன்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் உங்கள் அதிபர் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியோடு, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் தன் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்தியது. உன் பேராசிரியர்கள் இளவயதில் ஏறிய ஏணியின் கீழ்ப்படிகளில் பல இன்று இல்லை. ஆனால் அமெரிக்காவில் பதிவாகும் காசநோயாளிகளில் பெரும்பான்மையோர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். நம் ஊர் மாவட்டம் போன்ற உன் கவுன்ட்டியின் சுகாதாரத் துறையில் காசநோய்ப் பிரிவு என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். நோயாளி மாத்திரையை விழுங்குவதைச் செவிலியர் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளும் முறையை அங்கே காண்பாய். அது வளர்ந்த இடங்களுள் சேத்துப்பட்டு மையமும் ஒன்று. வேறொரு மொழி பேசும் முதியவரின் வீட்டு வாசலில் நின்று, அவர் ஏன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கதவைத் திறப்பதில்லை என்று கண்டுபிடிக்க உனக்கு ஒரு கோடை முழுவதும் ஆகலாம். அங்கே கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. கேள்வித்தாள் ஏதாவது கையில் கொடுத்தால், முதல் வீட்டுக்குப் போகும் முன் அதன் படத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா