பொறிக்கூட்டை இரண்டு கிழமை காரிலேயே வைத்திருங்கள், தம்பி

அன்புள்ள பக்கத்து வீட்டுத் தம்பிக்கு,

சனிக்கிழமை நீங்கள் கார் டிக்கியைத் திறந்து அந்தக் கம்பிப் பொறிக்கூட்டைக் காட்டியபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் கத்தரிப் பாத்திக்கு மண் கொத்திக்கொண்டு நின்றேன். "மூன்று நாளாகச் சாமத்தில் நித்திரை இல்லை அக்கா, கூரைக்குள் ரக்கூன் உருளுது. பிடித்துக்கொண்டுபோய் ரூஜ் பூங்காவில் விடப்போகிறேன்" என்றீர்கள். தங்கச்சி கைக்குழந்தையோடு களைத்துப்போய் நின்றா. அந்த நேரத்தில் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு படுத்தபிறகு, சொல்லாமல் விட்டேனே என்று உறுத்தியது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இந்த மாதம் இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் வீடுகள் இன்னும் பல இருக்கும். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். (தெரியாதவர்களுக்கு: ரக்கூன் என்பது கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் உள்ள, பூனையைவிடப் பெரிய காட்டு விலங்கு. ரூஜ், நகரத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள பெரிய இயற்கைப் பூங்கா.)

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது? கனமான காலடி மட்டுமா? அல்லது நடுநடுவே குருவிக்குஞ்சு கத்துவதுபோல மெல்லிய சிணுங்கலும் கேட்கிறதா? இது மே மாதம். ரக்கூன்கள் குளிர்காலக் கடைசியில் இணைசேரும். ஒன்பது கிழமை சுமந்து, மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் மூன்று, நான்கு, சிலவேளை ஐந்து குட்டி போடும். ஆண் ரக்கூன் குட்டி வளர்ப்பில் சேருவதில்லை. ஆகவே இந்த மாதத்தில் வீட்டுக் கூரைக்குள் புகுந்து இருப்பது பெரும்பாலும் ஒரு தாய். உங்கள் கூட்டில் அகப்படப்போவதும் அவள்தான். குட்டிகள் மேலேயே கிடக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு, இதே போல ஒரு மே மாதம், எங்கள் கூரைக்குள்ளும் சத்தம். ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கூரை விளிம்பில் கூட்டை வைத்தார். மறுநாளே பெரிய ரக்கூன் ஒன்று அகப்பட்டது. ஏற்றிக்கொண்டு போனார். மேலே ஏறிப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கச் சொல்லவில்லை. அன்றிரவு நிம்மதியாகப் படுத்தோம். அடுத்த இரவு மகளின் அறைக்கு மேலே அழுகைச் சத்தம் தொடங்கியது. அதற்கடுத்த நாள் அது இன்னும் கூடியது. மூன்றாம் நாள் குறைந்தது. குறைந்தது ஏன் என்று விளங்கியபோது என் கணவர் மேற்கூரைப் பலகையை அறுத்தார். பஞ்சு போன்ற காப்பு நாருக்குள் நான்கு குட்டிகள். இரண்டு உயிரோடு இருந்தன. ஒரு துவாயில் சுற்றி, காட்டுயிர்க் காப்பகம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. இன்றைக்கும் மே மாதம் வந்தால் கூரையைப் பார்ப்பாள்.

உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு ஒருவரும் முன்னமே சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

ரூஜ் பூங்காவில் விடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்ராறியோச் சட்டப்படி, பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள்தான் விலங்கைத் திரும்ப விடலாம். எங்கள் தெருவிலிருந்து ரூஜ் எத்தனை கிலோமீற்றர் என்று உங்களுக்கே தெரியும். இது வெறும் கடதாசிச் சட்டம் அல்ல. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் வகை விசர்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளாக மாகாணத்தில் இல்லாமல் இருந்த நோய் அது. அதை அடக்குவதற்குத் தடுப்புமருந்து வைத்த சின்னச் சின்ன இரைப்பொதிகளை விமானத்தாலும் கையாலும் போட்டார்கள். நோயுள்ள விலங்கு ஒன்றைக் காரில் ஏற்றி வேறிடத்தில் இறக்கினால், அந்தப் பாடெல்லாம் வீணாகிப் போகும். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்குக்கும் இரையும் தெரியாது, ஒளிய இடமும் தெரியாது. இங்கே வெறுமையான கூரைக்கோ அடுத்தது வந்துவிடும், ஓட்டை அப்படியே இருப்பதால்.

யோர்க் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் சுசான் மக்டொனால்ட், ரொறன்ரோ ரக்கூன்களுக்குக் கழுத்துப்பட்டி மாட்டி அவை போகும் வழிகளைப் பின்தொடர்ந்து பார்த்தவர். நகரத்து ரக்கூன்கள் பெரிய வீதிகளைக் கடக்காமல், அவற்றையே எல்லையாக வைத்துச் சில தெருக்களுக்குள் வாழ்வதை அவர் கண்டார். எல்ஸ்மியரையும் மார்க்கம் வீதியையும் நினைத்துப் பாருங்கள், எந்த நேரமும் வாகனம். உங்கள் கூரைக்குள் இருப்பவளும் இந்த நாலைந்து தெருக்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்கக்கூடும். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஹைலண்ட் ஓடைப் பள்ளத்தாக்கில் மரங்கள் நிற்பதற்கும் ஒரு கதை உண்டு. 1954 அக்டோபரில் ஹேஸல் சூறாவளி வந்து, வெள்ளத்தில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டுவதைத் தடுத்து, அந்த நிலங்களைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்குகள் நகரத்துக்குள்ளே நீளமான காட்டு வழிகளாக நிற்கின்றன. ரக்கூனும் நரியும் கொயோட்டியும் அந்த வழியாகத்தான் எங்கள் பின்வளவுக்கு வருகின்றன.

அவளுடைய கைகளைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரக்கூன் என்ற பெயர் வர்ஜீனியாப் பக்கத்துப் பவட்டன் மக்களின் மொழியிலிருந்து வந்தது, கைகளால் பிறாண்டுவது என்ற பொருளில். மூளையில் உணர்வுகளை வாங்கும் பகுதியில் மிகப் பெரிய பங்கு அந்தக் கைகளின் தொடுகைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் அது இரையைக் கழுவுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கை நனைந்தால் தோலின் உணர்ச்சி கூடும், அது தடவிப் பார்க்கிறது. ஒரு நாள் சாமத்தில் எங்கள் பின்வளவில் வாளித் தண்ணீருக்குள் ஒன்று கையை விட்டுக்கொண்டு, கண்ணால் வேறெங்கோ பார்த்தபடி, விரலால் மட்டும் எதையோ தேடியதை யன்னலால் பார்த்தேன். இருட்டில் கொத்தமல்லி எது, கறிவேப்பிலை எது என்று தொட்டே எடுக்கும் என் அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. 1907இல் டேவிஸ் என்ற ஆய்வாளர் 13 விதமான பூட்டுகளை ரக்கூன்களிடம் கொடுத்துப் பார்த்தார். 11 பூட்டுகளைப் பத்துத் தடவைக்குள் திறந்துவிட்டன. இந்தக் கையுள்ள தாய் உள்ளே குட்டிகளை விட்டு வெளியே நிற்க, நீங்கள் ஓட்டையைப் பலகை அடித்து மூடினால், கூரையையே பிய்த்து வேறு வழி திறப்பாள். திருத்துவதற்கு இப்போது ஆகும் காசைவிடப் பல மடங்கு அப்போது ஆகும்.

சரி, என்ன செய்யலாம்? அவளே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும்படி செய்யலாம். தாய் ரக்கூனுக்குப் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட தங்குமிடங்கள் தெரிந்திருக்கும். இருட்டும் அமைதியும் இருப்பதால்தான் உங்கள் கூரையில் இருக்கிறாள். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூரைவாசலைத் திறந்து உள்ளே ஒரு பிரகாசமான விளக்கை இரவும் பகலும் எரிய விடுங்கள். சூடேறாத எல்ஈடி விளக்காக இருக்கட்டும், காப்பு நாரில் படாமல் வையுங்கள். பக்கத்தில் ஒரு ரேடியோ. பாட்டைவிட ஆட்கள் கதைக்கும் நிகழ்ச்சிதான் நல்லது, மனிதக் குரல் அவளை அமைதியிழக்கச் செய்யும். அப்புறம் சைடர் வினாகிரியில் நனைத்த துணியை வாசலருகே வையுங்கள். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையை மட்டும் போடவேண்டாம், அதன் ஆவி கீழே குழந்தையின் அறைக்கு இறங்கும். மழையில்லாத இரவுகளாகப் பார்த்துத் தொடங்கினால் அவளுக்கும் இலகு. ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்விக்கொண்டு போவாள். மூன்று, நான்கு இரவு எடுக்கலாம், இன்னும் கூடவும் எடுக்கலாம்.

சத்தம் நின்றபிறகு ஓட்டைக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவு அது அசையாமல் இருந்தால் உள்ளே ஒருவரும் போய்வரவில்லை என்று அர்த்தம். அப்போதும் ஒருமுறை மேலே ஏறி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துருப்பிடிக்காத தடித்த கம்பி வலையால் மூடுங்கள். கூரையில் சாய்ந்து நிற்கும் மேப்பிள் கொப்பையும் வெட்டிவிடலாம். அது என் வளவு மரம்தான், வெட்டுவது என் பொறுப்பு.

குழந்தையைப் பற்றி ஒரு விடயம், இதை மட்டும் இலேசாக எடுக்கவேண்டாம். ரக்கூன்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கழிப்பிடமாகப் பாவிக்கும். மரப்படி, விறகுக் குவியல், தட்டையான கூரை போன்ற இடங்கள். அந்தக் கழிவில் ஒருவகை உருண்டைப்புழுவின் முட்டை இருக்கலாம். அது மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, ஆனால் தொற்றினால் மூளையைத் தாக்கும். மண்ணை அளைந்து கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து கூட. புதிய கழிவில் உள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஆகவே கண்டவுடன் எடுத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, அள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். சாதாரணக் கிருமிநாசினிக்கு அந்த முட்டை சாகாது, கொதிநீருக்குச் சாகும்.

உங்கள் அம்மா சனிக்கிழமைகளில் வேலிக்கட்டையில் காகத்துக்குச் சோறு வைப்பதைக் கண்டிருக்கிறேன். என் மாமியாரும் இருக்கும்வரை வைத்தா. காகம் எடுக்காமல் கிடக்கும் சோற்றை இரவில் யார் எடுக்கிறார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோவில் சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பதற்குத் தடை உண்டு. அம்மாவிடம் சட்டத்தைச் சொல்லாதீர்கள், மனம் நோவா. வீட்டுக்குள் சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டு எடுக்கலாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். என் மாமியார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் செய்தா.

உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டி பற்றிக் கொஞ்சம். நகரம் மூன்று கோடி டொலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டு, 2016 முதல் சுழற்றித் திறக்கும் பிடியுள்ள தொட்டிகளைக் கொடுத்தது. பிடியைப் பூட்டும் பக்கம் திருப்பி விட்டால் பெரும்பாலும் திறக்கமுடியாது. ஆனால் எங்கள் வீடுகளில் மீன் செதிலும் நண்டுக் கோதும் இறால் தலையும் சேரும், அந்த மணம் தெருமுனை வரை போகும். நான் அவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டு, குப்பை எடுக்கும் நாள் விடியத்தான் தொட்டியில் போடுகிறேன். நீங்களும் தொட்டியை முதல்நாள் இரவே தெருவில் வைக்காமல் பாருங்கள்.

புல்லைப் பிரட்டிப்போடுவது ரக்கூனாகவும் இருக்கலாம், நாற்றத் திரவத்தைப் பீச்சும் ஸ்கங்காகவும் இருக்கலாம். இரண்டும் மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத்தான் தேடுகின்றன. ஸ்கங்க் வாலைத் தூக்கி முன்கால்களால் நிலத்தில் தட்டினால் அது எச்சரிக்கை, பேசாமல் பின்வாங்குங்கள். உங்கள் நாய் பின்வாங்காமல் அந்த நாற்றத்தை வாங்கிக்கொண்டால் என்னிடம் ஓடிவாருங்கள், கழுவுவதற்குக் கலவை செய்யலாம். ஒரு லீற்றர் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட், கால் கோப்பை அப்பச்சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவுதான். கண்ணில் படாமல் தேய்க்கவேண்டும். மிஞ்சினால் போத்தலில் அடைத்து வைக்கக்கூடாது, வெடிக்கும். நாய்களுக்கு வரும் டிஸ்ரெம்பர் என்ற கொடிய தொற்றுநோய்க்குத் தடுப்பூசியும் போட்டிருக்கட்டும், ரக்கூன்களிடம் அந்த நோய் அடிக்கடி வருகிறது. பகலில் ரக்கூனைக் கண்டால் உடனே நோய் என்று பயப்படவேண்டாம், பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினாலோ, வட்டமிட்டாலோ, ஆளைக் கண்டு விலகாவிட்டாலோ நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஓட்டு வீட்டு முகட்டில் மரநாய் ஓடும். பனையில் கட்டிய முட்டியிலிருந்து கள்ளைக் குடித்துவிட்டு விடியப்புறம் வரும் என்று அப்பு சொல்லுவார். கோழிக்கூட்டை மட்டும் இரட்டைக் கொளுக்கி போட்டுப் பூட்டுவார். வேறு ஒன்றும் செய்யமாட்டார். இங்கே வந்த புதிதில் ரக்கூனின் காலடியைக் கேட்டு நான் பயப்படாததற்கு அந்தச் சத்தம் பழகியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏணியையும் கதைக்கிற ரேடியோவையும் எங்கள் கராஜ் வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். விளக்கு என்னிடம் இல்லை, நீங்கள் ஒன்று வாங்கவேண்டும். இன்றிரவு மழை இல்லையாம். குழந்தைக்கு நித்திரை கெடுமென்றால் தங்கச்சியும் குழந்தையும் இந்த நாலைந்து இரவும் எங்கள் கீழ்த்தளத்து அறையில் படுக்கட்டும். கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
பக்கத்து வீட்டு அக்கா