ஃபோரேயின் 1921-க்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்

சேம்பர் இசைக் கச்சேரிகளுக்கு, அதாவது சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய இசைக் கச்சேரிகளுக்கு, நிகழ்ச்சி நிரல் வகுப்பவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரே என்றதும் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் நான்கைந்து உருப்படிகள்தான்: பவான், சிசிலியென், செல்லோவுக்கான எலெஜி, 'ஆப்ரே அன் ரேவ்' பாட்டின் ஏதாவதொரு வாத்திய வடிவம். சற்றுத் துணிந்தால் முதல் வயலின் சொனாட்டா. எல்லாம் அருமையான இசை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட 1900-க்குப் பிறகு எழுதப்பட்டதல்ல. ஃபோரே 1924 வரை வாழ்ந்தார், கடைசி மாதங்கள் வரை எழுதினார். இரண்டு பியானோ குவின்டெட்டுகள் (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும்), இரண்டு செல்லோ சொனாட்டாக்கள், இரண்டாம் வயலின் சொனாட்டா, மூவர் வாசிக்கும் ட்ரியோ, நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட், பியானோவுக்கு ஒன்பது பிரிலூடுகள், நாக்டர்ன் எனப்படும் இரவுநேரப் பியானோ உருப்படிகளில் கடைசி ஐந்து என அத்தனையும் 1906-க்கும் 1925-க்கும் இடையில் வெளிவந்தவை. இவை மேடை ஏற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ரசிகர்களுக்கு ஒட்டாது என்பது உங்கள் தயக்கம். அதில் உண்மை இருக்கிறது. முதல் தடவை கேட்கும்போது பிடிமானமே கிடைக்காது. இசை வாக்கியங்கள் நான்கு பார் (தாளக் கட்டம்), நான்கு பார் என்று அளந்து வராமல் நீண்டுகொண்டே போகும். முடிவு வந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் திரும்பிவிடும். ஒரு ஸ்வரத்தை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, அதன் கீழே சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை மாற்றுவார். அதே ஸ்வரம் இப்போது வேறொரு ஆதார ஸ்வரத்துக்கு உரியதாகிவிடும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவருக்குக் கிரகபேதம் (ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காட்டுவது) நினைவுக்கு வரலாம். ஆனால் ஃபோரே ஓரிரு பார்களுக்குள் இதைச் செய்துவிட்டு, எங்கும் போகாதவர்போல வீடு திரும்பிவிடுவார். ஒன்பது வயதில் பாரிஸில் நீடர்மையர் பள்ளியில் சேர்ந்து, தேவாலய மோடுகளிலேயே (பழைய ஸ்வர வரிசைகள்) ஊறி வளர்ந்த காது அது. லிடியன் மோடின் உயர்ந்த நாலாம் ஸ்வரம், அதாவது நம்முடைய பிரதி மத்தியமம், அவருடைய மேஜர் பகுதிகளில் அடிக்கடி வந்து தலைகாட்டும்.

ஆகவே கச்சேரிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உரை வேண்டாம், வாசித்துக் காட்டினால் போதும். எட்டு பார்களை எடுத்துக்கொண்டு, முதலில் பாஸ் வரியை, அதாவது கீழ் வரியை, மட்டும், பிறகு மேல் வரியை மட்டும், கடைசியில் இரண்டையும் சேர்த்து வாசிக்கட்டும். அந்த ஆதார மாற்றத்தை ஒருமுறை காதால் பிடித்தவர் அன்று மாலை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருப்பார். அறிமுகத்தில் ஃபோரேயின் செவிக் கோளாறைப் பெரிதாகப் பேசாதீர்கள். கீழ் ஸ்வரங்கள் உயர்ந்தும் மேல் ஸ்வரங்கள் தாழ்ந்தும் அவருக்குக் கேட்டன என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், கேட்பவர் இசையின் ஒவ்வொரு புதுமையையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவார்.

எதை வைத்துத் தொடங்குவது என்று கேட்டால், 1921 என்ற ஒரே ஆண்டை எடுங்கள். அப்போது அவருக்கு 76 வயது. பாரிஸின் இசைக் கல்லூரியான கன்சர்வேட்வாரின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி ஓராண்டு. நிரல் இப்படி அமையலாம்: படகுப் பாட்டின் சாயலில் அமைந்த பியானோ உருப்படியான பதின்மூன்றாம் பார்க்கரோல் (நான்கு நிமிடம்), இரண்டாம் செல்லோ சொனாட்டா (பதினெட்டு), பதின்மூன்றாம் நாக்டர்ன் (எட்டு). இடைவேளைக்குப் பின் இரண்டாம் பியானோ குவின்டெட் (முப்பத்திரண்டு). ஐந்தே கலைஞர்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல் இசை. பியானோ கலைஞருக்கு மட்டும் மூச்சுவிட நேரமிருக்காது. முடிந்தால் முதல் பாதிக்கு வேறொருவரை அமர்த்துங்கள்.

அந்தச் செல்லோ சொனாட்டாதான் உங்களுக்கு நல்ல பாலம். நெப்போலியன் இறந்த நூற்றாண்டு நினைவுக்காகப் பிரெஞ்சு அரசு கேட்டு, ஃபோரே ராணுவ பேண்டுக்கு எழுதிக்கொடுத்த இரங்கல் இசையிலிருந்து பிறந்தது அதன் மெதுவான நடுப்பகுதி. எலெஜியின் அதே சி மைனர், அதே கனத்த நடை, ஆனால் அழுகை அடங்கிய குரல். எலெஜியை நேசிப்பவர் இதைக் கேட்டால் தானாகவே உள்ளே வந்துவிடுவார். நாக்டர்னை மட்டும் முதலில் வைக்காதீர்கள். நான்கு குரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகரும் அதன் தொடக்கம், காது பழகும் முன் கேட்டால் தப்பு ஸ்வரம் போலத் தோன்றும். அந்த உரசல்தான் அதன் உயிர்.

வாசிப்பவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியவையும் உண்டு, ஏனென்றால் இந்த இசை பெரும்பாலும் கெட்டுப்போவது மேடையில்தான். முதல் எதிரி பெடல், அதாவது ஒலியை நீட்டிக்கும் பியானோவின் மிதிகட்டை. வலது பெடலை ஒரு பார் முழுக்க அழுத்திவைத்தால் பழைய ஸ்வரக்கூட்டு புதியதன் மேல் படிந்து, ஆதார மாற்றம் புகைமூட்டமாகிவிடும். பாஸ் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெடலைப் பாதியாவது எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது வேகம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தளர்த்தி நிறுத்தினால் நீண்ட வரி துண்டு துண்டாகிவிடும். ஃபோரே காலப்பிரமாணத்தை அசையாமல் பிடித்து வாசிப்பவர் என்று அவரோடு பணிசெய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பார்க்கரோல்களில் மெட்டு பல இடங்களில் விசைப்பலகையின் நடுவில், இரண்டு கட்டைவிரல்களுக்கும் மாறி மாறிப் போகும். முதலில் மற்ற விரல்களை எல்லாம் விட்டுவிட்டு, கட்டைவிரல்களால் மட்டும் அந்த வரியை ஒரே கை வாசிப்பதுபோல் ஒலிக்கும்வரை பழக வேண்டும். பிறகு பாஸைச் சேர்க்க வேண்டும். மேலே சுழலும் வேகமான ஸ்வரங்களைக் கடைசியில் சேர்த்தால் போதும். வரிசை தலைகீழானால் அலங்காரம் முன்னால் வந்து, பாட்டு காணாமல் போய்விடும்.

குவின்டெட் வயோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) தொடங்குகிறது. பியானோவின் ஓடும் ஸ்வரங்களுக்கு மேல் முதல் மெட்டைத் தனியாகச் சொல்வது அந்த நடுக்குரல்தான். பியானோ மூடியை முழுக்கத் திறந்துவைத்தால் முதல் வரியே அமுங்கிவிடும். பாதித் திறப்பில் வைத்துவிட்டு, அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கிரெஷெண்டோக்கள் (படிப்படியாக ஒலி கூடும் இடங்கள்) நெடுந்தூரம் போகும், சில சமயம் உச்சியில் சட்டென்று மென்மையாகிவிடும். பாதி வழியிலேயே ஃபோர்ட்டேயை, அதாவது முழு ஒலியை, தொட்டுவிட்டால் ஏறுவதற்கு இடமிருக்காது. வயலினும் செல்லோவும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் விப்ராட்டோ (விரலால் ஸ்வரத்தை அசைப்பது) அளவு ஒத்துப்போகாவிட்டால் சுருதி பிசகியதுபோல் கேட்கும். இதற்கு மட்டுமே ஒரு ஒத்திகை ஒதுக்கலாம்.

இசைப் பிரதி வாங்கும்போதும் கவனம் வேண்டும். பழைய பதிப்புகளில் அச்சுப்பிழைகள் உண்டு. ஃபோரேயின் இசையில் எதிர்பாராத ஷார்ப், ஃபிளாட் இயல்பு என்பதால் பிழை எது, அவர் எழுதியது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பாரன்ரைட்டர் பதிப்பகத்தின் முழுத் தொகுப்பிலோ, ராய் ஹோவாட் திருத்தி பீட்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்ட பதிப்புகளிலோ ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இறுதியாக ஒன்று. குவின்டெட் முடிந்து கைதட்டல் நீண்டால், என்கோராக (ரசிகர் கேட்டு வாசிக்கும் கூடுதல் உருப்படி) பவானையோ 'ஆப்ரே அன் ரேவ்'வையோ எடுக்க வேண்டாம். பழகிய மெட்டு வந்ததும் அதுவரை கேட்டதெல்லாம் காதிலிருந்து இறங்கிவிடும். அதே குவின்டெட்டின் இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு நிமிடம்தான், பியானோவின் ஸ்கேல்கள் (ஆரோகண அவரோகண ஓட்டங்கள்) பறக்கும் ஸ்கெர்ட்ஸோ, அதாவது துள்ளலான விரைவுப் பகுதி, அது. முதல் தடவை வேகத்தில் தவறவிட்டதை இரண்டாம் தடவை ரசிகர்களே பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஃபோரேயின் பிற்கால இசையை வாசிப்பவர்களும் கேட்பவர்களும்