அந்த 15 பேரும் செய்திதான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

புதுசா ஒரு தடுப்பூசி வந்தாலோ ஏதோ ஒரு மருந்துக்கு அனுமதி கிடைச்சாலோ நம்ம பேப்பர்ல பெருசா போடுறீங்க, சந்தோஷம், போடணும். ஆனா தடுப்பூசியும் இல்லாம குணப்படுத்துற மருந்தும் இல்லாம ஒரு ஒட்டுண்ணி நோயை வருஷத்துக்கு 35 லட்சம் பேர்ங்குற நிலைமையில இருந்து 2024ல 15 பேருக்கு கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க, அதைப் பத்தி உள்பக்கத்துல கூட படிச்ச ஞாபகம் எனக்கு இல்ல. நான் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால இது கொஞ்சம் கூடுதலாவே உறுத்துது, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நோயோட பேரு கினி புழு. நரம்புச் சிலந்தின்னு தமிழ்ல இதுக்கு பழைய பேரே இருக்கு, இன்னைக்கு இருபது வயசுப் பசங்ககிட்ட சொன்னா எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சான்னு தான் கேப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம போனது நல்லது தான், ஆனா அது எப்படித் தெரியாம போச்சுன்னு யாராவது சொல்லணும் இல்லையா.

குளத்துத் தண்ணியில சைக்ளாப்ஸ்னு ஒரு பொடிப் பூச்சி இருக்கும், உத்துப் பாத்தா தான் தெரியும், அதுக்குள்ள இந்தப் புழுவோட லார்வா இருக்கும். தண்ணிய வடிகட்டாம குடிச்சா வயித்துல பூச்சி செத்துப் போகும், லார்வா சாகாது, குடலைத் துளைச்சுக்கிட்டு உடம்புக்குள்ள போய் வளரும், சுமார் ஒரு வருஷத்துக்கு ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒரு நாள் பெரும்பாலும் கால்ல ஒரு கொப்புளம் வரும், நெருப்பு வெச்ச மாதிரி எரியும், அது உடைஞ்சு வெள்ளை நூல் மாதிரி ஒண்ணு தலை நீட்டும், மொத்த நீளம் ஒரு மீட்டர் வரைக்கும் கூட இருக்கும். வெடுக்குனு இழுக்கக் கூடாது, அறுந்துட்டா உள்ள சீழ் பிடிச்சிடும், ஒரு குச்சியில தினமும் கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்தி எடுக்கணும், வாரக்கணக்குல ஆகும். எரிச்சல் தாங்காம அந்த ஆளு காலைக் கொண்டு போய் குளத்துல வைப்பாரு, புழு அதுக்குத் தான் காத்துக்கிட்டு இருக்கும், லட்சக்கணக்குல லார்வாவை தண்ணியில விட்டுடும், அதை சைக்ளாப்ஸ் தின்னும், அந்தத் தண்ணிய ஊரே குடிக்கும். ஒரு தடவை வந்தவங்களுக்கு அடுத்த வருஷம் மறுபடியும் வரலாம், உடம்புல எதிர்ப்பு சக்தியெல்லாம் உண்டாகுறது இல்ல.

பெரும்பாலும் இது ஆளைக் கொல்லாது, அதனாலயே யாரும் கண்டுக்கல. ஆனா விதைப்புக்கும் அறுப்புக்கும் ஆள் வேணுங்குற நேரத்துல வீட்டோட படுக்க வெச்சிடும். மாலி நாட்டுல டோகோன் மக்கள் இதுக்கு வெச்ச பேரு காலிக் குதிர் நோய்னு அர்த்தம் வருமாம். கால்ல வர்ற புழுவுக்கு தானியம் கொட்டி வைக்கிற குதிரோட பேரு, அந்த ஊருங்க என்ன பாடு பட்டிருக்கும்னு பாத்துக்கங்க.

டொனால்ட் ஹாப்கின்ஸ்னு ஒரு டாக்டர், அமெரிக்காவுல மயாமியில பிறந்தவர், 1967ல சியரா லியோனுக்கு பெரியம்மை ஒழிப்பு வேலைக்குப் போனவர். 1980ல பெரியம்மை ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாச்சு, அடுத்தது எதுன்னு பேச்சு வந்தப்ப இவர் கினி புழுவைக் கைகாட்டினார். 1981ல இருந்து 1990 வரைக்கும் எல்லாருக்கும் நல்ல குடிதண்ணின்னு ஐ.நா ஒரு திட்டம் போட்டிருந்தாங்க, குடிதண்ணி வழியா மட்டுமே வர்ற நோய் இது தான், தண்ணி திட்டம் வேலை செஞ்சதா இல்லையான்னு இந்தப் புழுவை வெச்சே அளந்துடலாம்னு அவர் வாதாடினார். எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே இந்த இடத்துல தான், பணம் ஏற்கனவே போற பாதையில கொண்டு போய் தன் நோயை நிறுத்தினார் பாருங்க. 1986ல அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரோட கார்ட்டர் மையம் இதை தலைமையேத்து நடத்த ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் ஹாப்கின்ஸ் அங்க சேந்தார். அப்போ ஆப்பிரிக்கா ஆசியா ரெண்டுலயும் சேத்து 21 நாட்டுல இந்த நோய் இருந்தது.

முதல்ல செஞ்ச வேலை எண்ணுறது. 1986ல கானா அரசாங்கம் குடுத்த கணக்கு 5,000க்கும் கீழ, கிராமம் கிராமமா தேடிப் பாத்தப்புறம் 1989ல கிடைச்ச கணக்கு கிட்டத்தட்ட 1,80,000. நைஜீரியாவுல தேடினா ஆறரை லட்சத்துக்கும் மேல! எங்க துறையில நில் ரிப்போர்ட்னு ஒண்ணு அனுப்புவோம், கேஸ் எதுவும் இல்லன்னு அர்த்தம், நிஜமாவே இல்லாதப்பவும் அது வரும், யாரும் தேடிப் போகாதப்பவும் அதே பேப்பர் தான் வரும், மேல உக்காந்து பாக்குறவருக்கு ரெண்டும் ஒண்ணாத் தான் தெரியும். ஹாப்கின்ஸும் அவரோட ஆளுங்களும் அந்த பேப்பரை நம்பல. ஒவ்வொரு ஊருலயும் ஒரு தன்னார்வலரைப் பிடிச்சு மாசாமாசம் கணக்கு வாங்கினாங்க, எந்த நாட்டுல எத்தனை கேஸ்னு அச்சடிச்சு எல்லா நாட்டுக்கும் அனுப்பினாங்க, பக்கத்து நாட்டுல குறைஞ்சு தன் நாட்டுல குறையலன்னா அந்த மந்திரிக்கு கஷ்டமாத் தானே இருக்கும்.

மத்தபடி கருவின்னு பாத்தா ஒரு வடிகட்டித் துணி, நடந்துக்கிட்டே இருக்குற மேய்ச்சல்காரங்களுக்கு கழுத்துல மாட்டிக்கிற வடிகட்டிக் குழாய், குளத்துல ஊத்த அபேட், அதாங்க டெங்கு கொசுப்புழுவுக்கு தொட்டியில ஊத்துவோமே அதே தான். புழு வந்தவங்களுக்கு கட்டுப் போட்டு, காயம் ஆறுற வரைக்கும் தண்ணியில கால் வைக்காம பாத்துக்கணும். 1995ல சூடான்ல உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்ப கார்ட்டர் பேசி கிட்டத்தட்ட ஆறு மாசம் சண்டையவே நிறுத்தி வெச்சார், இந்த வேலைய செய்யுறதுக்காக.

நம்ம நாட்டுக் கதையும் சின்னது இல்ல. 1983–84ல தேசிய திட்டம் தொடங்கினப்ப சுமார் 40,000 கேஸ் இருந்தது, ஏழு மாநிலத்துல, தமிழ்நாடும் அந்த ஏழுல ஒண்ணு. ராஜஸ்தான்ல படிக்கிணறு தான் பெரிய தலைவலி, ஜனங்க படியிறங்கி கால் நனைச்சு தண்ணி மோந்துக்கிட்டுப் போவாங்க, அதையெல்லாம் கயிறு போட்டு இறைக்கிற கிணறா மாத்தினாங்க, அடிபம்பு போட்டாங்க. கடைசி கேஸ் 1996 ஜூலையில, 2000ல உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்தாச்சு. அந்த நாள்ல வெயில்ல நடந்த களப்பணியாளர்ங்க பேரு எந்தப் பேப்பர்லயும் வந்திருக்காது, நானும் அந்த வேலை பாத்தவன் தான்ங்குறதால சொல்லல, நடந்து நடந்தே ஒரு நோயை முடிச்சவங்க அவங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். 2024ல உலகம் முழுக்க 15 பேருக்கு தான் இது வந்தது. 15 தானே, முடிஞ்ச மாதிரி தானேன்னு தோணும், அங்க தான் ஆபத்து. சாட் நாட்டுல சுமார் பத்து வருஷம் ஒரு கேஸ் கூட இல்லாம இருந்து 2010ல மறுபடி தலை காட்டுச்சு. 2012ல பாத்தா நாய்ங்களுக்கு இதே புழு, மனுஷங்களை விட பல மடங்கு நாய்ங்க, இதை யாருமே எதிர்பாக்கல. இப்போ நாயைக் கட்டி வைக்கணும், மீன் வழியாவும் நாய்க்கு வருதோன்னு சந்தேகம், அதனால மீன் குடலை நாய் தின்னாம புதைக்கணும், தகவல் சொல்றவங்களுக்கு பரிசு குடுக்கணும், ஒழிச்சிடுவோம்னு முதல்ல வெச்ச கெடு 1995, இப்போ 2030. கடைசிக் கினி புழு எனக்கு முன்னாடி செத்துடணும்னு கார்ட்டர் ஆசைப்பட்டார், 2024 டிசம்பர் 29ல நூறாவது வயசுல அவர் போயிட்டார், புழு இன்னும் இருக்கு. ஒரு கேஸைத் தேட ஆயிரம் ஊருக்குப் போகணும், அந்த நேரத்துல பணத்தை நிறுத்தினா இத்தனை வருஷ உழைப்பும் வீண், பணம் தர்றவங்க பேப்பர்ல வராத நோயை சீக்கிரம் மறந்துடுவாங்க.

அதனால ஒரே ஒரு கோரிக்கை சார். வருஷா வருஷம் ஜனவரி கடைசி வாக்குல முந்தின வருஷக் கணக்கை கார்ட்டர் மையம் வெளியிடுறாங்க. எந்த நாட்டுல எத்தனை பேர், நாய்ங்க எத்தனை, போன வருஷத்தை விட கூடவா குறைச்சலா, நாலு வரி போதும், உள்பக்கமா இருந்தாலும் பரவாயில்ல. நரம்புச் சிலந்திங்குற பேரையும் சேத்துப் போடுங்க, வீட்டுல இருக்குற பெரியவங்களுக்கு ஞாபகம் வரும், அவங்க பேரப்பசங்களுக்கு சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர்